ரஸ்கினை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஜான் ரஸ்கின் என்ற பெயர் நம்மில் பலருக்குக் காந்தி வழியாகத்தான் அறிமுகம். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி கையில் எடுத்து, முடிக்கும்வரை கீழே வைக்க முடியாமல் போன 'அண்டு திஸ் லாஸ்ட்' புத்தகத்தை எழுதியவர். அது பொருளாதாரம் பற்றியது. அதற்கு முன்பே ரஸ்கின் தன் வாலிப வயது முழுவதையும் ஓவியங்களைப் பற்றி எழுதுவதில் செலவிட்டிருந்தார். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு படம் நல்லதா கெட்டதா என்று சொல்லும் அதிகாரம் அவர் அளவுக்கு வேறு யாரிடமும் இருந்ததில்லை.

அவருடைய பெரிய நூல் 'மாடர்ன் பெயிண்டர்ஸ்'. டர்னர் என்ற ஆங்கில ஓவியருக்காக வாதாட எழுந்தது. ஐந்து பாகங்கள். முதல் பாகம் 1843இல் வந்தபோது அவருக்கு வயது 24. அட்டையில் பெயர்கூடப் போடாமல் 'ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஒருவர்' என்று மட்டும் போட்டுக்கொண்டார். கடைசிப் பாகம் 1860இல் வந்தது. ஆர்வத்தோடு முதல் பாகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது பக்கத்துக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். அதில் படிப்பவர் தப்பு ஒன்றும் இல்லை. 'ஆற்றல்', 'உண்மை', 'அழகு' என்று தத்துவப் பாடம்போல இலக்கணம் வகுத்துக்கொண்டே போகிறார். ஒரு படத்தின் முன்னால் நம்மை நிறுத்த வெகுநேரம் எடுத்துக்கொள்கிறார். அதனால் வேறு வழியாக உள்ளே நுழைவதுதான் புத்திசாலித்தனம்.

நான் சொல்லும் வரிசைக்கு அடிப்படை ஒன்றுதான். ரஸ்கினின் தீர்ப்புகளில் பாதி இன்று செல்லாது. அவருடைய கண் இன்றும் செல்லும். ஆகவே யாரைப் பாராட்டினார், யாரைத் திட்டினார் என்று குறிப்பெடுக்க வேண்டாம். அவர் எதைப் பார்த்தார் என்று நீங்களும் பாருங்கள். அதற்குப் படம் எதிரே திறந்திருக்க வேண்டும்.

முதலில் புத்தகமும் படமும்

புத்தகத்துக்குச் செலவே இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் தளத்தில் ஐந்து பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் நான் சிபாரிசு செய்வது குக், வெடர்பர்ன் இருவரும் 1903 முதல் 1912 வரை பதிப்பித்த 39 தொகுதிகள் கொண்ட முழுத் தொகுப்பு. லங்காஸ்டர் பல்கலைக்கழகம் அதை அப்படியே பிடிஎஃப்பாக வலையேற்றியிருக்கிறது. அதில் 3 முதல் 7 வரையிலான தொகுதிகள் 'மாடர்ன் பெயிண்டர்ஸ்'. 39ஆவது தொகுதி முழுக்க முழுக்க அகராதி. டர்னர், மேகம், ஆரஞ்சு என்று எதைத் தேடினாலும் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். புதிதாக வருகிறவருக்கு இந்த அகராதிதான் உண்மையான நண்பன்.

அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்கள் டேவிட் பாரி 1987இல் சுருக்கித் தொகுத்த ஒற்றைத் தொகுதியைப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். கென்னத் கிளார்க் 1964இல் கொண்டுவந்த தேர்ந்தெடுத்த பகுதிகளும் நல்லது. தொகுத்தவரே பெரிய விமர்சகர் என்பதால் முன்னுரைகளும் வீண்போகாது.

படங்கள்தான் கொஞ்சம் வேலை வைக்கும். முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்தபோது அவற்றில் ஒரு படம்கூடக் கிடையாது. ஓவியத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஓவியம் மட்டும் இல்லை! மூன்றாம் பாகத்திலிருந்துதான் தகடுகள், அதாவது செதுக்கி அச்சிட்ட படங்கள், சேர்ந்தன. அவற்றில் பல ரஸ்கினே வரைந்தவை. அவர் பேசும் டர்னர் படங்களில் பெரும்பகுதி லண்டன் டேட் காலரியில் இருக்கின்றன. டர்னர் இறந்தபின் நாட்டுக்கு வந்துசேர்ந்த சொத்தில் ஏறக்குறைய 300 எண்ணெய் வண்ண ஓவியங்கள், 30,000 காகித வேலைகள். இவற்றை டேட்டின் தளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். செல்போன் திரை போதாது. வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் படத்தையும், கையில் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய அத்தியாயம்

ஐந்தாம் பாகத்துக்குப் போங்கள். ஆமாம், கடைசிப் பாகத்துக்கு. அதன் ஒன்பதாம் பகுதியில் ஒன்பதாவது அத்தியாயம்: 'இரண்டு பிள்ளைப் பருவங்கள்'. வெனிஸில் வளர்ந்த ஓவியர் ஜியார்ஜியோனேயையும், லண்டன் கோவென்ட் கார்டன் சந்தைப் பக்கம் ஒரு முடிதிருத்துபவரின் மகனாக 1775இல் பிறந்த டர்னரையும் அருகருகே நிறுத்துகிறார். வெனிஸுக்கு ஒரே பளிங்கும் பொன்னும் கடலுமாக வர்ணனை. அப்புறம் சட்டென்று லண்டன் சந்து. நான்கு பக்கமும் வீடுகள் அடைத்து நிற்கும், கிணறு மாதிரியான செங்கல் முற்றம். தெருவில் தூசி படிந்த வெயில், காய்கறிக்கடையில் ஆழமாக வரி விழுந்த முட்டைக்கோஸ் இலைகள், தெருமுனையில் தள்ளுவண்டி நிறைய ஆரஞ்சுகள், மூன்று நிமிடம் ஓடினால் தேம்ஸ் கரை.

இதில் அந்த ஆரஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். டர்னர் பெரிய ஓவியரான பிறகும் சந்தைக் குப்பையையும் மீன்வாடையையும் விடவில்லை, வெறுக்கவில்லை என்பதுதான் ரஸ்கினின் வாதம். கிரேக்கப் புராணத் தோட்டத்தை வரைந்தாலும் அதில் கோவென்ட் கார்டன் ஆரஞ்சு மினுங்கும். ஆரஞ்சுப் பெட்டிகளை அலைமேல் சிதறடிப்பதற்காகவே கப்பல்கள் உடையும் என்று எழுதுகிறார். இதைப் படித்த கையோடு டேட் தளத்தில் டர்னர் 1819இல் காட்சிக்கு வைத்த கப்பல் விபத்துப் படத்தைத் தேடுங்கள். மியூஸ் ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் மோதி உடைகிற ஆரஞ்சுக் கப்பல். கீழே தண்ணீரில் அந்தச் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும்போது ரஸ்கின் எப்படிப்பட்ட ஆள் என்பது புரிந்துவிடும். ஓவியரின் வாழ்க்கையை அவர் வதந்தியில் தேடுவதில்லை, படத்தின் மூலையில் தேடுகிறார்.

இரண்டாவது நாள் முதல் பாகத்துக்கு வாருங்கள், ஆனால் தொடக்கத்துக்கு அல்ல. தண்ணீரை டர்னர் எப்படி வரைந்தார் என்ற அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களுக்கு. 1840இல் டர்னர் காட்சிக்கு வைத்த 'அடிமைக் கப்பல்' ஓவியத்தின் வர்ணனை அங்கே இருக்கிறது. ஆங்கில உரைநடையில் மிகவும் கொண்டாடப்பட்ட பத்திகளில் ஒன்று. புயல் ஓய்ந்தும் ஓயாத கடல், இரண்டாகப் பிளந்த பேரலை, நடுவே ரத்தமாக வழியும் சூரிய ஒளி. மனிதன் வரைந்த கடல்களிலேயே உன்னதமானது இதுதான் என்கிறார். இந்தப் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியங்கள் அலை மாதிரியே எழும்பி எழும்பித்தான் விழும். மனதுக்குள் படித்தால் வினைச்சொல் எங்கே என்று தேடியே அலுத்துவிடும்.

படித்து முடித்ததும் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அந்தக் கப்பலில் நடப்பது என்ன என்பதை ரஸ்கின் ஓர் அடிக்குறிப்பில்தான் சொல்கிறார். அது அடிமை வியாபாரக் கப்பல், அடிமைகளைக் கடலில் வீசிக்கொண்டிருக்கிறது, அருகிலுள்ள கடலெல்லாம் பிணங்கள். மேலே பக்கம் முழுக்க ஒளியும் நிறமும், உயிரோடு வீசப்பட்ட மனிதர்கள் கீழே பொடி எழுத்தில்! இதற்காக அவரைக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. மேலே உள்ள பத்தியிலேயே கப்பலைக் குற்றவாளி என்கிறார், வானத்தின் சிவப்பையே தண்டனைத் தீர்ப்பாகப் படிக்கிறார், அதனால் அவர் மறைக்கவில்லை என்று பரிந்து பேசுபவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது. நீங்கள் படத்தைப் பெரிதாக்கி, வலது கீழ் மூலையில் விலங்கோடு தெரியும் காலையும் அதைச் சுற்றி மொய்க்கும் மீன்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரஸ்கினின் தந்தை ஷெர்ரி ஒயின் வியாபாரி. 1844 புத்தாண்டுப் பரிசாக இந்தப் படத்தையே வாங்கி மகனுக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் ரஸ்கின் அதை விற்றார். இப்போது அது அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொஞ்ச நாள் பேனாவும் கல்லும்

இந்த இடத்தில் பெரிய நூலை ஓரமாக வைத்துவிட்டு 1857இல் வந்த 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்' என்ற சின்னப் புத்தகத்தை எடுங்கள். தொகுப்பில் 15ஆவது தொகுதி. ஓவியம் பழகுபவர்களுக்காகக் கடித வடிவில் எழுதியது. உங்களுக்கு வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் தெரியாதவர்கள்தான் இதை அவசியம் செய்ய வேண்டும்.

முதல் பயிற்சி, ஒரு சிறு சதுரம் போட்டு அதைப் பேனாக் கோடுகளால் குறுக்கும் நெடுக்குமாக நிரப்புவது. எங்கும் திட்டுத்திட்டாக இல்லாமல் சாம்பல்நிறப் பட்டுத்துணி ஒட்டினாற்போல இருக்க வேண்டும் என்கிறார். கேட்க எளிது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிறகு வரும் பயிற்சி ஒன்றில் தெருவில் போய் உருண்டையான ஒரு கல்லைப் பொறுக்கிவரச் சொல்கிறார். மிகவும் வெள்ளையாகவும் வேண்டாம், மிகவும் கறுப்பாகவும் வேண்டாம். அந்தக் கல்லை ஒருவரால் வரைய முடிந்தால் எதையும் வரைய முடியும் என்பது அவர் கட்சி. கல்லின் விளிம்பில் கோடு என்று ஒன்று கிடையாது, ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது, அவ்வளவுதான். இதை ஒரு மாலை முயன்றுவிட்டு டர்னரிடம் திரும்பினால், முதல் பாகத்தில் பாறைகளைப் பற்றி அவர் ஏன் பக்கம் பக்கமாக எழுதினார் என்பது தானாக விளங்கும்.

இதே புத்தகத்தின் பின்னிணைப்பில் எந்தெந்த ஓவியர்களைப் பார்த்துப் பழகலாம் என்று ஒரு பட்டியல் தருகிறார். புத்தகச் சித்திரக்காரர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் புதையலே இதுதான். ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் கிரிம் சகோதரர்களின் கதைகளுக்குப் போட்ட படங்கள் எங்கேயாவது கண்ணில் பட்டால் பாய்ந்து வாங்கிவிடச் சொல்கிறார். செதுக்கோவியத்தில் ரெம்ப்ராண்டுக்கு அடுத்தபடி இவைதானாம்! இது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் செருப்புத் தைப்பவரும் குட்டிச்சாத்தான்களும் கதைக்கு அவர் போட்ட படத்தைத் தேடிப் பாருங்கள். புதுத்துணி கிடைத்த குஷியில் குதிக்கும் இரண்டு குட்டிகள், உடம்புக்குச் சில கீறல்கள், அவ்வளவே. ஆனாலும் அந்தத் துள்ளல் அப்படியே நிற்கிறது. குழந்தைகள் புத்தகத்துப் படத்தையும் தேவாலயச் சுவரோவியத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த விமர்சகர் அக்காலத்தில் அபூர்வம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ரஸ்கினை டர்னரிடம் கொண்டுசேர்த்ததே ஒரு புத்தகச் சித்திரம்தான். 13ஆவது பிறந்தநாளுக்கு அப்பாவின் கூட்டாளி ஒருவர், சாமுவேல் ராஜர்ஸ் எழுதிய 'இத்தாலி' என்ற கவிதை நூலைப் பரிசளித்தார். அதில் டர்னரின் 25 சிறு படங்கள் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சடிக்கப்பட்டிருந்தன. சட்டம் இல்லாமல், ஓரங்கள் காகிதத்தின் வெண்மையில் கரைந்துபோகும் உள்ளங்கை அளவுப் படங்கள். 17 வயதில் ஒரு பத்திரிகை டர்னரைக் கிண்டலடித்தபோது பையன் கொதித்துப்போய் மறுப்பு எழுதினான். டர்னர் அதை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே கிடந்த அந்தக் கோபம்தான் ஏழு வருடம் கழித்து முதல் பாகமாக வந்தது. முடிந்தால் அந்த 'இத்தாலி' பதிப்பையும் இணையத்தில் புரட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அக்காலப் புத்தகப் படத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓவியரின் கையை அல்ல, செதுக்கியவரின் கையை. டென்னிசன் கவிதைகளின் 1857 பதிப்புக்கு ரோசெட்டி முதலானவர்கள் வரைந்துகொடுத்ததை மரக்கட்டையில் வெட்டும்போது முகபாவமே போய்விட்டது என்று ரஸ்கின் இதே பட்டியலில் புலம்புகிறார். எனவே பழைய சித்திரம் ஒன்று பிடிக்கவில்லையென்றால், மூல வரைபடம் கிடைக்கிறதா என்று பார்க்காமல் ஓவியரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

மறுபடி பெரிய நூலுக்கு

இப்போது நான்காம் பாகம். 'டர்னரின் நிலவரைவு' என்று பொருள்படும் அத்தியாயம். ஆல்ப்ஸ் மலையில் ஃபைடோ என்ற இடத்தை டர்னர் நீர்வண்ணத்தில் வரைந்திருந்தார். ரஸ்கின் சொல்லி வரைந்துகொடுத்த படம் அது. பின்னால் ரஸ்கின் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். பார்த்தால், படத்தில் இருக்கும் பயங்கரம் நேரில் இல்லை! மலை அவ்வளவு உயரமில்லை, கற்குவியலும் சாதாரணம். இடத்தை உள்ளபடி தான் வரைந்த படத்தையும், டர்னர் வரைந்ததையும் அடுத்தடுத்த தகடுகளாக அச்சிட்டுவிட்டு ரஸ்கின் விளக்குகிறார். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் பயணி மிகக் குறுகலான, அச்சமூட்டும் பள்ளத்தாக்கு ஒன்றைத் தாண்டி வருகிறான். அந்த அச்சம் இன்னும் நெஞ்சில் இருக்கும்போது கண்ணில் படும் ஃபைடோவைத்தான் டர்னர் வரைந்தார். இடத்தை அல்ல, வந்து சேர்ந்த மனத்தை. 'இயற்கையில் எதையும் ஒதுக்காதே, எதையும் தேர்ந்தெடுக்காதே' என்று 24 வயதில் இளம் ஓவியர்களுக்கு உபதேசித்தவர், 37 வயதில் இதை எழுதுகிறார். எனக்கு ஐந்து பாகங்களிலும் பிடித்த அத்தியாயம் இதுதான். இரண்டு தகடுகளையும் திரையில் பக்கம்பக்கமாக வைத்து எது மாறியிருக்கிறது என்று முதலில் நீங்களே எழுதிவிட்டு அப்புறம் அவர் சொல்வதைப் படியுங்கள்.

மூன்றாம் பாகத்தில் 12ஆவது அத்தியாயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். உயிரற்ற பொருளுக்குக் கவிஞர்கள் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வது பொய் என்கிறார். ஒரு கவிஞர் கடல் நுரையைக் 'கொடிய' நுரை, 'ஊர்ந்து வரும்' நுரை என்று பாட, நுரை கொடியதும் இல்லை, ஊர்வதும் இல்லை என்று மறுக்கிறார். தற்குறிப்பேற்ற அணி படித்த நமக்கு இங்கே சண்டை போடத் தோன்றும். மதுரை மதில் கொடிகள் கோவலனை 'வாரல்' என்பனபோல் கைகாட்டியதைப் பொய் என்று தள்ளிவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த 'போல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடி கொடியாகவே இருக்கிறது. தாந்தேவை ரஸ்கின் உயர்த்திப் பேசுவதும் இதற்காகத்தான். உதிரும் இலைகளைப்போல ஆவிகள் விழுகின்றன என்று தாந்தே சொல்லும்போது இலை இலைதான், ஆவி ஆவிதான். ஆக, இளங்கோவடிகள் ரஸ்கினிடமும் தேறிவிடுவார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் ஆனபின் முதல் பாகத்தை முறையாகப் படிக்கலாம். வானம், மண், தண்ணீர், செடிகொடி என்று பிரித்திருப்பதால் ஒரு மழைக்காலத்தில் வானம் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். க்ளாட், கனலெட்டோ, டச்சுக் கடலோவியர்கள் எல்லோரையும் போட்டுத் தாக்குவதைப் பொருட்படுத்த வேண்டாம், இளரத்தம். இரண்டாம் பாகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ரஸ்கினுக்கே பின்னால் அது பிடிக்காமல்போய், 1883இல் மறுபதிப்புப் போட்டபோது தன்னைத் தானே திட்டி அடிக்குறிப்பு எழுதினார்.

வயதான ரஸ்கின்

1883இல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் காலத்து ஓவியர்களைப் பற்றி அவர் ஆற்றிய உரைகள் 'தி ஆர்ட் ஆஃப் இங்கிலாந்து'. 33ஆவது தொகுதி. ரோசெட்டி, ஹோல்மன் ஹன்ட், பர்ன்-ஜோன்ஸ் என்று பெரிய பெயர்கள் உண்டு. நான் அனுப்புவது நான்காவது, ஐந்தாவது உரைகளுக்கு. நான்காவதில் குழந்தைகள் சித்திரக்காரர் கேட் கிரீனவே. அவருடைய உலகில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போக ரயில் இல்லை, விழுங்கச் சுரங்க வாய்கள் இல்லை என்று ரஸ்கின் உருகுகிறார். தொழிற்புரட்சியின் புகையை வாழ்நாள் முழுக்கச் சபித்த மனிதர் பூப்போட்ட தொப்பிக் குழந்தைகளிடம் வந்து ஒதுங்குவது பரிதாபமாகவும் இருக்கிறது, புரிந்துகொள்ளவும் முடிகிறது. ஐந்தாவதில் ஜான் லீச்சும் ஜான் டென்னியலும். டென்னியல் போட்ட ஆலிஸ் கதைப் படங்களைப் பற்றி நிறையச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், பேச்சு 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரங்களைச் சுற்றியே போகிறது.

அவர் பார்வை தோற்ற இடத்தையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க ஓவியர் விஸ்லரின் வாணவேடிக்கைப் படத்தை 1877இல் கண்டு, பொதுமக்கள் முகத்தில் பெயின்ட் டப்பாவை விசிறிவிட்டு 200 கினி கேட்கிறான் என்று எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டு 1878 நவம்பரில் ஜெயித்தார், நஷ்ட ஈடு ஒரே ஒரு ஃபார்தின். அதாவது கால் பென்னி. அந்தப் படத்தை டெட்ராய்ட் அருங்காட்சியகத் தளத்தில் பாருங்கள். இருட்டில் சிதறும் பொன் பொறிகள். டர்னரின் கடைசிக் காலப் படங்களைக் காப்பாற்றியவருக்கு இது பிடிபடவில்லை என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் தாண்டிப்போகக் கூடாத புத்தகம் ஒன்று: 1859இல் வந்த 'தி டூ பாத்ஸ்', 16ஆவது தொகுதி. 1857 கிளர்ச்சி நடந்த சூட்டோடு, 1858 ஜனவரியில் லண்டனில் பேசிய முதல் உரையில் இந்தியக் கலையை ஒரேயடியாகத் தள்ளுகிறார். அது மனிதனை வரையாது, எட்டுக் கை அரக்கனைத்தான் வரையும். பூவை வரையாது, சுருளையும் கோணல் கோட்டையும்தான் வரையும் என்கிறார். ஒரு கல்லைப் பொறுமையாகப் பார்க்கச் சொன்னவர், ஒரு செப்புத்திருமேனிக்கு அந்தப் பொறுமையைத் தரவில்லை. இதை முதலிலேயே படித்திருந்தால் மற்றதைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்பதால்தான் கடைசியில் வைத்தேன்.

படித்த அதே வாரத்தில் ஆனந்த குமாரசுவாமியின் 'தி டான்ஸ் ஆஃப் சிவா' தொகுப்பையும் எடுங்கள். 1918இல் வந்தது. குமாரசுவாமி கலை வரலாற்றாளர், கொழும்பில் ஈழத்தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். பல கைகள் கொண்ட இந்தியச் சிற்பங்களைப் பற்றியே அதில் ஒரு கட்டுரை இருக்கிறது. ரஸ்கினின் புகாருக்கு நேர் எதிரே வைத்துப் படிக்கலாம். குமாரசுவாமி 1917 முதல் 1947இல் இறக்கும்வரை வேலை பார்த்தது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், அதாவது ரஸ்கின் விற்ற அடிமைக் கப்பல் 1899 முதல் இருக்கும் அதே இடத்தில். கட்டுரை சின்னதுதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அதுவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.